சாட்சிக்கு வந்த டால்பின்கள்

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாங்கள் டால்பின் பார்க்கப் போனோம். ஏற்பாடு மாமா, அம்மாவின் தம்பி. "வீட்டுல உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டிருந்தா நல்லா இருக்கறவனுக்கும் காய்ச்சல் வந்துரும்" என்று எல்லாரையும் கிளப்பிவிட்டார். அம்மாவின் வயிற்றில் கட்டி இருப்பதும், அதை அறுத்தெடுக்கப் போகிறார்கள் என்பதும், டாக்டர் எந்த உறுதியும் கொடுக்கவில்லை என்பதும் யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். எனக்கு எட்டு வயது. எனக்குச் சொன்னது, அம்மா வயிற்றுவலிக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று.

யாங்கோனில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாளோ, நோயோ, ஏதாவது கண்டமோ என்றால், சந்தையில் உயிர்மீன் வாங்கி ஆற்றில் விடுவார்கள். வயசுக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று. அந்த மேல் ஒன்று வரப்போகிற வருஷத்துக்கு. பர்மியர் வழக்கம்தான், தலைமுறை தலைமுறையாக இங்கே கிடக்கிற எங்களுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அம்மா அன்று காலை காளி கோயிலில் விளக்கேற்றிவிட்டு நேரே மீன்சந்தைக்குப் போனாள். "நம்ம சாமிகிட்ட சொல்லியாச்சு. இந்த ஊரு சாமிகிட்டயும் ஒரு வார்த்தை போட்டு வச்சிருவோம்" என்றாள்.

அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "பிடிச்சவனுக்கு லாபம், விடுறவளுக்குப் புண்ணியம், நடுவுல அலைச்சல் மீனுக்கு" என்றார். ஆனாலும் கெளுத்திக் குஞ்சுகள் நெளிந்த வாளியை பஸ்ஸில் கியாக்தான் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். லுங்கி முழுக்க நனைந்துபோயிற்று.

கியாக்தானில் தண்ணீருக்கு நடுவே நிற்கும் பகோடாவைக் கும்பிட்டுவிட்டு மோட்டார் படகு ஏறினோம். படகுக்காரர் வயதானவர். வயதில் மூத்த ஆண்களை எங்கள் ஊரில் ஊலே என்றுதான் கூப்பிடுவோம். ஓடை போய்ப் பெரிய ஆற்றில் விழும் இடத்துக்கு, கடல்தண்ணீர் ஏறும் நேரத்தில் டால்பின் வரும் என்று அந்த ஊலே சொல்லியிருந்தார். வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் காற்று வாங்கலாம் என்பது மாமாவின் கணக்கு.

வந்துவிட்டன. படத்தில் பார்த்த கூர்மூக்கு டால்பின் இல்லை. மூக்கே இல்லாத, மழுமழுவென்ற சாம்பல்நிற மொட்டைத் தலை. சாப்பிட்டு எழுந்த பெரியவர் மாதிரி ஒரு நிறைவான சிரிப்பு. ஒன்று எழும்பி 'புஸ்' என்று மூச்சுவிட்டு முங்கியது. பின்னாலேயே இன்னொன்று. நான் கத்தினேன். அம்மாவும் கத்தினாள். பல நாளைக்குப் பிறகு அம்மா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, இங்கயே விடு! அதுங்களும் பாக்கட்டும், சாட்சிக்கு இருக்கட்டும்!" என்று செல்போனைத் தூக்கிப் பிடித்தார். பின்னால் இன்ஜின் பக்கத்திலிருந்து ஊலே எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். இன்ஜின் சத்தத்தில் அவர் சொன்னது கேட்கவில்லை. உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து மாமாவும் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

அம்மா கண்ணை மூடி, என்னவோ முணுமுணுத்து, வாளியைச் சாய்த்தாள்.

அவ்வளவுதான். படகின் ஓரத்திலேயே தண்ணீர் பிளந்தது. மொட்டைத் தலை ஒன்று எழும்பி, வாய் நிறையத் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது; அம்மா கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரப்பட்டைச் சாந்து கரைந்து வழிந்தது. அப்புறம் தண்ணீர் கொதிக்கிற சோற்றுப்பானை மாதிரி ஆயிற்று. எங்கள் மீன்கள் வெள்ளை வயிறு தெரியத் துள்ளின. ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு வாய் திறந்தது. தப்பி மேலே வந்ததைக் கடற்காகம் கொத்திக்கொண்டு போனது. ஊலே இன்ஜினை நிறுத்திவிட்டார். டால்பின்கள் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. மாமாவின் கை செல்போனோடு அப்படியே நின்றது. அம்மா காலி வாளியைப் பிடித்தபடி, முகத்தைத் துடைக்காமல் நின்றாள்.

மாமாதான் கடைசியில், "அன்னதானம்னு வச்சுக்கக்கா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"ஒண்ணு இருக்கு" என்றேன் நான். வாளியின் அடியில், ஒரு கை தண்ணீரில், ஒரு குஞ்சு மீசையை ஆட்டிக்கொண்டு கிடந்தது. கரையோரச் சேற்றில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்றார் ஊலே. அம்மா வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "விடமாட்டேன்" என்றாள். வழி முழுக்க அது ஒன்றுதான் பேசினாள்.

அந்தக் கெளுத்தி எங்கள் குளியலறைத் தொட்டிக்கு வந்து சேர்ந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், அங்கிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்பா தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் மாற்றுவார், சோற்றுப் பருக்கை போடுவார். நாங்கள் வாளித் தண்ணீரில் குளித்தோம். அப்பாவுக்கு மீன் வளர்க்க இத்தனை ஆசையா என்று எனக்கு ஆச்சரியம். ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பெருசானதும் குழம்பு வைக்கலாமாப்பா?" என்று கேட்டேன்.

அதுவரை என்னை ஒரு அதட்டல்கூடப் போடாத மனிதர். பளாரென்று ஓர் அறை விட்டார். நான் அழக்கூட மறந்து போனேன். ஏனென்றால் அடித்த அப்பாதான் அழுதுகொண்டிருந்தார்.

அம்மா வீடு திரும்பிய அன்று வாசலிலேயே காத்து நின்றேன், அப்பா அடித்ததைச் சொல்வதற்கு. மாமாவின் தோளைப் பிடித்து மெல்ல மெல்லப் படியேறி வந்தவள், என் தலையை ஒரு தடவு தடவிவிட்டு நேரே குளியலறைக்குப் போனாள். தொட்டிக்குள் குனிந்தவள் நிமிரவே இல்லை. பெற்ற பிள்ளை வாசலில் நிற்க, ஒரு கெளுத்தியைப் பார்க்கவா இப்படி ஓடுவது என்று அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.