அண்ணனின் முதுகு தெரிகிற படம்

அந்தத் தாளை ஜப்பான் அம்மா என் கடை மேசைமேல் விரித்த காலை நன்றாக நினைவிருக்கிறது. மூன்றடி உயரம் இருக்கும். சுருளாமலிருக்க என் டீ கிளாஸையும் பசை டப்பாவையும் அவரே எடுத்து மூலைகளில் வைத்தார். குனிந்து பார்த்தேன். அடியில் விரல் நீளத்துக்கு ஓர் ஆள், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியபடி வரப்பில் போகிறார். அதற்கு மேல் வெறும் வெள்ளைத் தாள். "மீதிய எப்பம்மா வரைவீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "முடிஞ்சுது" என்றார்.

திருவண்ணாமலையில் கோயிலுக்குப் பின்னால் பிரேம் கடை வைத்திருப்பவன் நான். சாமி படம், கல்யாணப் படம், செத்தவர் படம், இந்த மூன்றும்தான் என் பிழைப்பு. ஜப்பான் அம்மா கிரிவலப் பாதையில் வாடகைக்கு இருந்தார். தன் நாட்டு மடங்களில் பல நூறு வருஷங்களுக்கு முன்னால் துறவிகள் வெறும் கறுப்பு மையால் வரைந்த படங்களை ஒரு புத்தகத்தில் எனக்குக் காட்டியிருக்கிறார். மலை, மூங்கில், படகில் ஒரு கிழவன், மாட்டை ஓட்டிப் போகிற ஒருவன். ஆளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மையில் தண்ணீர் ஜாஸ்தியானால் பனி, கம்மியானால் பாறை என்று அரைகுறைத் தமிழில் சொல்வார். என் மண்டையில் ஏறவில்லை. நல்ல தாளை இப்படிக் காலியாக விடுவார்களா என்றுதான் தோன்றியது.

அந்த முதுகு என் அண்ணனுடையது. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டவர். ஒரு நாள் கடைக்கு வந்தவரிடம் இந்த அம்மா வயலைப் பார்க்கலாமா என்று கேட்க, "வாங்க, அதுக்கென்ன" என்றுவிட்டார். மார்கழியில் ஒரு வாரம், முதல் பஸ் பிடித்துப் போய் வரப்பில் உட்கார்ந்து வரைந்தார். அண்ணன் போட்டோவுக்கு நிற்கவே மாட்டார். என் கல்யாணத்தில்கூட கேமராவைக் கண்டதும் பந்தி பார்க்கப் போனவர். இவரிடம் மட்டும் எப்படி மாட்டினார் என்று அண்ணியிடம் கிண்டலாகக் கேட்டேன். "அவங்கதான் மூஞ்சியக் காட்டச் சொல்லலியே தம்பி" என்றார்.

பிரேம் போட்டு அண்ணன் வீட்டில் கொடுக்கச் சொன்ன படம் கடையிலேயே கிடந்தது. இன்று நாளை என்று தையும் மாசியும் போயின. ஜப்பான் அம்மா விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டார். பங்குனியில் ஒரு நாள், மோட்டார் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அண்ணன் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போடப் படம் வேண்டும். வாக்காளர் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கினால் யாரோ மாதிரி இருந்தது. அதனால் இந்தப் படத்தையே எடுத்தேன். செத்தவர் படத்துக்கு எங்கள் கடையில் ஒரே அளவுதான், முழ உயரம். அண்ணன் உள்ளே வரும்படி அளவுகோல் வைத்து, மேலே இருந்த வெள்ளையை வெட்டினேன். உச்சியில் மங்கலாக ஏதோ தெரிந்தது. தண்ணீர்க் கறை என்று நினைத்தேன். அந்தத் துண்டைக் கசக்கி, அதாலேயே கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன்.

மாலை போட்ட படத்தின் முன் அண்ணி வெகுநேரம் நின்றார். கண்ணாடியின் மேல் ஓரத்தைக் கையால் தடவினார்.

"மேல இருந்தது எங்க தம்பி?"

"காலியாத்தான அண்ணி இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"அதுல நான் கஞ்சித் தூக்கோட வந்துட்டிருந்தேன். பனியில லேசாத்தான் தெரியும், அந்த அம்மா எங்கிட்ட காட்டினாங்க. உங்கண்ணன் என்னப் பாத்துதான் நடந்துட்டிருந்தாரு."

கடைக்கு ஓடிவந்து குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன். காலையிலேயே குப்பை வண்டி வந்து போயிருந்தது. எத்தனையோ வீட்டுப் படங்களை அளந்த கண்ணுக்குக் கூடப்பிறந்தவர் படத்தைப் பார்க்கத் தெரியவில்லை. அந்த வெட்கமும் வேதனையும் இன்றுவரை என்னை விடவில்லை.

போன மாதம் ஜப்பான் அம்மா திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அன்றே என்னோடு பஸ் ஏறி வந்து, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் மறுபடி வரையறேன். நீங்க வரப்புல நில்லுங்க, போதும்" என்றார்.

அண்ணி வயல் பக்கம் பார்த்தார். குத்தகைக்கு எடுத்தவர்கள் மடை திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்மா" என்றார். "இப்ப வரைஞ்சா நான் மட்டும்தான் நிப்பேன்."