சார்ட்டில் எழுதிய நூற்றிருபது, எண்பது

தொண்ணூறுகளில் நான் நர்ஸாக இருந்த சின்ன ஆஸ்பத்திரி, கேரளத்தில் பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவே இருந்தது. புதிதாக வந்த டாக்டருக்குத் திடீரென்று எங்கள் உடம்பின் மேல் அக்கறை பிறந்தது. கேன்டீனில் எண்ணெயில் பொரிக்கும் பழம்பொரி போடுவது நின்றது, ஊறுகாய் ஜாடி காணாமல் போனது. டியூட்டி முடிந்ததும் காம்பவுண்டை மூன்று சுற்று நடக்க வேண்டுமாம். எட்டு மணி நேரம் வார்டில் ஓடியவர்களை நடக்கச் சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? திங்கள்கிழமை தோறும் எல்லோருக்கும் எடையும் பிரஷரும் பார்த்துச் சுவர் சார்ட்டில் எழுத வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதல் திங்களன்றே வார்டு அட்டெண்டர் அக்காவுக்கு நூற்றெண்பது, நூற்றுப்பத்து. கைப்பட்டையை அவிழ்த்து மறுபடியும் கட்டிப் பார்த்தேன், மாறவில்லை. அக்காவுக்குப் பதினோரு வருஷமாகத் தினக்கூலி வேலை. நிரந்தரமாக்கப்படுபவர்களின் பட்டியல் தயாராகிறது, பிரஷர் கூடியவர்களை வெட்டிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

"மக்கா, நல்லதா ஒண்ணு எழுதிப்போடு. எனக்கு ஒரு கேடும் இல்ல கேட்டியா. படி ஏறி வந்ததுனால ஆக்கும்."

"டாக்டர்ட்ட ஒரு வார்த்த சொல்லுவோம் அக்கா."

"சொன்னா எம் பிள்ளைகளுக்கு நீ கஞ்சி ஊத்துவியா?"

120/80 என்று எழுதினேன். கைக்குப் பழகிய எண்தான். வார்டில் கூட்டம் நெரியும் நாட்களில், பார்வைக்குத் தெம்பாக இருக்கும் நோயாளிக்குக் கருவியைத் தொடாமலே நாங்கள் எழுதுவது அது. வெட்கக்கேடுதான், ஆனாலும் எல்லோரும் எழுதினோம்.

அதற்குப் பிறகு டாக்டர் சார்ட்டின் முன் நிற்கும்போதெல்லாம் நான் ஊசித் தட்டை அடுக்கத் தொடங்கிவிடுவேன். அவர் அக்காவின் வரிசையில் விரலை ஓட்டி, "கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சிவிட்டுப் போவார். அந்தச் சாயங்காலங்களில் அக்கா மூன்றாவது சுற்றில் நின்று நெற்றியை அழுத்திக்கொள்வாள். நெய்யாற்றின்கரைக்குப் போய் வேறு டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கு என்று கெஞ்சினேன். "வாங்குதேன், வாங்குதேன்" என்றாள். வாங்கவில்லை.

ஏழாவது திங்களன்று, சார்ட் எழுதி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அக்காவின் வலது கையிலிருந்து வாளி நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் எழவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. தூக்கிக் கட்டிலில் கிடத்தினோம். டாக்டரே பிரஷர் பார்த்தார்.

"இருநூத்தி இருபது. ஏழு வாரமா நார்மல். காலையிலயும் நார்மல். இது எப்படி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பொய் டாக்டர். நான்தான் எழுதினேன்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "சரி, உண்மையில எவ்வளவு இருந்தது? போன வாரம் எவ்வளவு? பிரஷரை எவ்வளவு குறைக்கலாம்னு எனக்குத் தெரியணும்."

எதையாவது சொல்லிவிட வாய் துடித்தது. நாக்கு நுனியில் வந்து நின்றது அந்த நூற்றிருபதுதான்.

"தெரியாது டாக்டர். மொத வாரம் நூத்தியெண்பது, மூணாவது வாரத்துக்குப் பெறவு நான் பாக்கவே இல்ல."

எப்படியும் பொய்யைத்தான் எழுதப் போகிறோம், பிறகு எதற்குக் கட்டிப் பார்ப்பது என்று விட்டிருந்தேன். அக்கா சும்மா கையை நீட்டுவாள், நான் எழுதுவேன், இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம்.

அவளை ஜீப்பில் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிட்டு டாக்டர் தன் அலமாரியைத் திறந்தார். உள்ளே மாத்திரைப் பெட்டிகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. "பிரஷர் இருக்கிறவங்களுக்குக் காசு வாங்காம கொடுக்கத்தான் வாங்கி வச்சேன். சார்ட்டுல ஒருத்தருக்கும் இல்லையே" என்றார்.

அக்கா பிழைத்தாள். அவளுக்கு வேலை போயிற்று. இரண்டு மாதம் கழித்துத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, கருவியோடு அவள் வீட்டுக்குப் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. இடது கையை என்னிடம் நீட்டினாள்.

"கெட்டிப் பாரு மக்கா" என்றாள், குழறிக் குழறி. "பாத்துட்டு எழுது."