தோப்ரிக்கு விழுந்த குச்சி

என் தம்பி தோப்ரிக்குக் கண் போய்விட்டதை ஊரே ஒப்புக்கொண்ட பிறகுதான் அவன் ஒப்புக்கொண்டான். எங்கள் ஊர் த்ரொயானிலிருந்து மலைமேல் மரம் ஏற்றப் போகும் லாரியின் டிரைவர் அவன். பனி கொட்டும் நாட்களில் மற்ற டிரைவர்கள் அடுப்போரம் உட்கார்ந்து ராக்கியாச் சாராயம் குடிக்க, இவன் மட்டும் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு கிளம்புவான். பிடிவாதம் எங்கள் அப்பா வழிச் சொத்து. எனக்கும் அதில் பங்கு உண்டு.

பக்கவாட்டில் வரும் வண்டி தெரியவில்லை என்றுதான் ஆரம்பித்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டது என்றார் டாக்டர். சொட்டு மருந்து கொடுத்தார். இந்த மகாராஜா அதை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளவில்லை. கேட்டால், "ரோடு நேராத்தானேக்கா போகுது, பக்கத்துல பாத்து என்ன ஆகப்போகுது?" என்பான். மலை ரோடு எங்கேயடா நேராகப் போகிறது என்று நானும் கத்திப் பார்த்தேன். ஒருநாள் மரக்கிடங்கின் கேட்டோடு சேர்த்து லாரியை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினான். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. சாவியை முதலாளி மேஜையில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தான்.

அதற்குப் பிறகு அவனை வசில்கா எடுத்துக்கொண்டாள்.

வசில்கா அவன் மனைவி. தங்கமான பெண். பள்ளிக்கூடச் சமையலறையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை அவனுக்காக விட்டாள். ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கையில் கொடுப்பாள், கறியை நறுக்கி வைப்பாள், சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவாள். "தோப்ரி, எப்படி இருக்கே?" என்று யாராவது கேட்டால், "நேத்து கொஞ்சம் சளி, இன்னிக்குப் பரவாயில்ல" என்று பதிலும் அவளே சொல்லிவிடுவாள். அவனுக்குத் தும்மல் வந்தால்கூட இவள்தான் தும்முவாள் போலிருந்தது. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏண்டி, அவனுக்குப் போனது கண்ணா, வாயா?"

"உங்களுக்கு என்னக்கா, வந்து பாத்துட்டுப் போயிடுவீங்க. சூடு பட்டுக்கிட்டா, தடுக்கி விழுந்துட்டா, யாரு பாக்கறது?"

லாரியில் போகும்போது பாட்டுப் பாடி மலையையே எழுப்பின தோப்ரி, சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து நாளெல்லாம் ரேடியோ கேட்டான்.

இப்படியே நாலைந்து வருடம் போனபின் ஸ்னெஜானா வந்து சேர்ந்தாள். பார்வையற்றோர் சங்கத்தின் ஆசிரியை. பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. லொவெச் நகரத்திலிருந்து வாரம் ஒருமுறை பஸ் ஏறி, வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு தனியாகவே வருவாள். முதல் நாள் வசில்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் காப்பிக் கோப்பையில் கொண்டுபோய் வைத்தாள். ஸ்னெஜானா சிரித்துவிட்டாள்.

"வசில்கா, கப்பு வலது பக்கம் இருக்குன்னு சொன்னா போதும். என் கையை நானே தூக்கிட்டு வருவேன்."

வசில்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து ஸ்னெஜானாவுக்குக் காப்பி சற்று ஆறித்தான் வந்தது.

தோப்ரிக்குத் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துக் கற்றுக்கொடுத்தாள் ஸ்னெஜானா. சங்கிலி மாட்டியும் மரம் உருட்டியும் காய்த்துப்போன விரல்கள் அவனுடையவை. முதலில் ஒரு புள்ளியும் தட்டுப்படவில்லை.

"இது விரலா, லாரி டயரா? வெந்நீர்ல ஊறப்போடு. எண்ணெய் தடவு. குமரிப்பொண்ணு கை மாதிரி வச்சுக்கணும்."

"இந்த வயசுல குமரியாகச் சொல்றியே தாயே" என்றான். அவன் கேலி பேசி எவ்வளவு நாள் ஆயிற்று! அடுப்பின் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இலையுதிர் காலம் முடிவதற்குள் அவன் விரலுக்கு உயிர் வந்துவிட்டது. மடியில் அட்டையை வைத்துத் தடவித் தடவி, உதடு அசைய ஒரு சொல்லைப் பிடிப்பான். பிடித்ததும் முகம் மலரும். வசில்காவோ, அந்த அட்டைகளை மேஜை துடைக்கிற துணியாலேயே ஒதுக்கிவைப்பாள். வெறும் தாளில் அவன் என்னதான் தேடுகிறானோ என்பது அவள் எண்ணம்.

டிசம்பரில் ஸ்னெஜானா ஒரு செய்தி கொண்டுவந்தாள். ப்ளோவ்திவ் நகரத்தில் சங்கத்து நிலையத்தில் தங்கிப் படிக்க ஒரு இடம் இருக்கிறது. தனியே நடக்க, சமைக்க, வேகமாகப் படிக்க, கடைசியில் கைத்தொழிலாக மசாஜும் கற்றுக்கொடுப்பார்கள். கோடைகாலம் வரை அங்கேயே இருக்கவேண்டும். ஜனவரி ஏழாம் தேதி யோவான் திருநாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

வசில்கா உடனே சொன்னாள். "அங்க இவருக்கு யாரு பொத்தான் போட்டுவிடுவா?"

ஸ்னெஜானா போனபின் தோப்ரி என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான்.

"எனக்குப் போகணும்க்கா. ஆனா அவகிட்ட என்னன்னு சொல்றது? உன்கிட்டேருந்து தப்பிச்சுப் போறேன்னு அவளுக்குக் காதுல விழும்."

"நான் சொல்லட்டுமா?"

"வேணாம். எனக்காகப் பேச ஏற்கெனவே ஒருத்தி இருக்கா."

வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஜனவரி முதல் தேதி வசில் திருநாள். அந்தப் புனிதரின் பெயரைக் கொண்ட வசில்காவுக்கு அது பெயர் நாள். அன்று யாரையும் அழைக்கவேண்டாம், தானாக வருவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அவள் பாலாடைக்கட்டி வைத்துப் பனித்சா என்ற அடுக்கு ரொட்டி சுட்டிருந்தாள், ஒவ்வொரு துண்டிலும் ஒரு திரியன் மரத்துக் குச்சி ஒளித்துவைத்து. எங்கள் வீட்டில் நுனியில் தடித்த மொட்டிருந்தால் ஆரோக்கியம், கவட்டையாக இருந்தால் வீடு, நீளமாக வழவழவென்று இரண்டு முனையிலும் மொட்டு இருந்தால் பயணம். தட்டைச் சுற்றிவிடுவார்கள், அவரவர் முன்னால் நிற்கும் துண்டுதான் அவரவருக்கு அந்த வருடம். கண் போன பிறகு தோப்ரியின் குச்சியை வசில்காவே எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவாள். ஒவ்வொரு வருடமும் அவனுக்கு ஆரோக்கியம்தான் விழும். பாவம், அதுவாவது விழுகிறதே என்று நானும் நினைத்திருந்தேன்.

தட்டைச் சுற்றி, துண்டுகளை எடுத்துவைத்தாள். அந்நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. மேல்மாடிக்காரர்கள் பூவோடு வந்திருந்தார்கள். அவள் எழுந்து போனாள். தோப்ரி தட்டைத் தடவித் துண்டைப் பிட்டான். நுனி விரலால் உள்ளே துழாவினான். விரல் உள்ளேயே முன்னும் பின்னும் போய் வந்தது. பிறகு பிட்டதைச் சேர்த்து அமுக்கிவைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வசில்கா திரும்பி வந்து, "பல்லுல குத்திடும், இரு" என்று அவன் துண்டிலிருந்து குச்சியை உருவினாள். நீளக் குச்சி. இரண்டு முனையிலும் மொட்டு. அவள் கை நின்றது. நான் பார்ப்பதைப் பார்த்தாள். பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "ஆரோக்கியம்!" என்றாள்.

மேல்மாடிக்காரர்கள் கை தட்டினார்கள்.

"வசில்கா" என்றான் தோப்ரி. கோபமே இல்லாத குரல். "நீளமால்ல இருந்துச்சு? ரெண்டு பக்கமும் மொட்டோட?"

வசில்கா குச்சியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"போன வருஷமும் ஆரோக்கியம், அதுக்கு முந்தின வருஷமும் ஆரோக்கியம்" என்றான். "இப்படியே போனா எனக்குச் சாவே வராது போலிருக்கே. எத்தனை வருஷமா நீயே சொல்லிட்டிருக்கே?"

"எல்லா வருஷமும்தான்!" என்று வெடித்தாள். "என்ன விழுந்தாலும் அதைத்தான் சொல்வேன். வேற என்ன சொல்லச் சொல்றே? பயணம்னு சொன்னா நீ போயிடுவே. போய் எல்லாத்தையும் கத்துக்குவே. அப்புறம் நான் எதுக்கு உனக்கு?"

சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவனுக்குக் கண் போனபோதும் அழாதவள்.

தோப்ரி மேஜைமேல் கையை நகர்த்தி அவள் கையைத் தேடிப் பிடித்தான். "லாரி ஓட்டினப்பவும் போயிட்டுத்தானேடி இருந்தேன். திரும்பி வரலையா? அப்ப என்னைச் சமையல்கட்டுல கட்டியா போட்டிருந்தே?" என்றான். "பொத்தான் போட எனக்கு ஆள் வேண்டாம் வசில்கா. நீ வேணும்."

அவள் விரல்களைத் திறந்தாள். குச்சி அவன் உள்ளங்கைக்குப் போனது. பனித்சா ஆறிப்போய்விட்டது, மேல்மாடிக்காரர்கள் அதை ரொம்பப் பிரமாதம் என்று சொல்லித் தின்றார்கள்.

யோவான் திருநாளுக்கு முன்பே ஸ்னெஜானாவுக்குப் போன் செய்தது தோப்ரிதான். வசில்கா பக்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கிளம்பும் நாளில் பஸ் நிலையத்தில் நல்ல குளிர். ஸ்னெஜானா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். தோப்ரி வெள்ளைக் கோலோடு படியருகே நின்றான். கோட்டைத் தானே போட்டுக்கொண்டு வந்திருந்தான். பொத்தான்கள் ஒன்று தள்ளி மாட்டியிருந்தன, ஒரு பக்கக் காலர் காதுவரை ஏறிக் கிடந்தது. எனக்கே கை பரபரத்தது. வசில்காவின் கை எழுந்து பாதி தூரம் போயும்விட்டது. அப்படியே திருப்பித் தன் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

படியில் காலை வைத்தவன் கழுத்தைத் தொட்டான். விரல் ஒவ்வொரு பொத்தானாக இறங்கிப்போய்க் கீழே மிஞ்சியிருந்த ஓட்டையில் நின்றது. "இரு தம்பி, ஒரு நிமிஷம்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மேலிருந்து போட ஆரம்பித்தான். பஸ்ஸே காத்திருந்தது.

பஸ் பாலத்தைத் தாண்டிப் போகிறவரை வசில்கா பைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"பொத்தானைப் பத்தி நான் சொல்லவே இல்லைக்கா, பாத்தீங்கல்ல?"

"பாத்தேண்டி" என்றேன்.