இரவல் ஜெபமாலை

போன வாரம் இடி இடித்தபோது என் கை தானாக நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு வந்து, இடது தோள் வரை போய்விட்டது. சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த கணவர் திரும்பிப் பார்த்தார். கொசு என்றேன். இந்த வயதிலும் எனக்குப் பொய் எவ்வளவு சுளுவாக வருகிறது பாருங்கள்.

சிலுவை போடும் அந்தப் பழக்கம் கல்யாணத்துக்கு முன்பு தூத்துக்குடியில் ஒட்டிக்கொண்டது. துறைமுகத்துப் பக்கம் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை கிடைத்துத் தங்க இடம் தேடினேன். பிலோமி அக்கா வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. ஆனால் வேதக்காரப் பெண்ணுக்குத்தான் தருவார்களாம். ஏரல் பாத்திரக்கடைக்காரர் மகள் முத்துச்செல்வியான நான் பொட்டை அழித்துவிட்டு, ஒரு ஜெபமாலை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ரோஸ்லினாகப் போய் நின்றேன். ஊர் நாசரேத் என்றேன். அதைவிடக் கிறிஸ்தவமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும்போது, பஸ் முக்காணி வந்ததும் ஜெபமாலை பைக்குள் போகும், பொட்டு வெளியே வரும். ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கியதில்லை. யார் கதவைத் தட்டினாலும் ஏரல்காரர் யாரோ வந்துவிட்டார் என்று ஜெபமாலையை ஜாக்கெட்டுக்குள் தள்ளுவேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்க மட்டும் பயம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன்.

"வாரா வாரமா? அப்படி என்னளா பாவம் பண்ணிட்ட நீ?" என்று அக்கா சிரிப்பாள்.

அவள் கணவர் வள்ளத்தில் கடலுக்குப் போயிருக்கும் நாட்களில் சாயங்கால ஜெபம் நீளும். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் முன்பாதி சொல்வாள், நான் பின்பாதி. நடிப்புக்காக மனப்பாடம் செய்ததுதான். எப்போது நடிப்பில்லாமல் போனது என்று தெரியவில்லை. அந்த அண்ணன் கரை சேரவேண்டும் என்று மெய்யாகவே வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அக்கா சொன்னாள்: "ஏளா ரோஸ்லி, பிள்ளை ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தாயா நிக்கணும். சாமியார் ஒன் ஞானஸ்நானச் சீட்டு கேக்காரு. ஊர்ல போய் வாங்கிட்டு வா."

சீட்டுக்கு நான் எங்கே போவேன்? அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல மனசு வரவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். பெட்டியைக் கட்டவா என்று கேட்டேன்.

"நாசரேத்துல முக்காவாசிப் பேரு புராட்டஸ்டண்டு. ஏளா, அவங்க என்னைக்கு ஜெபமாலை போட்டாங்க? மொத நாளே சந்தேகந்தான். நீயா எப்ப சொல்லுவன்னு பாத்தேன். இங்கனயே கெட. ஒன் நெசப் பேரு என்ன?"

சொன்னேன்.

"செல்வி, இனிமே எனக்காக நீ முட்டுக்கால் போட வேண்டாம்."

அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிடவில்லை. முன்பாதியையும் பின்பாதியையும் அவளே சொல்வது என் அறைக்குக் கேட்டது. நான் கட்டிலில் உட்கார்வதும் எழுந்திருப்பதுமாக இருந்தேன். போயிருக்கலாம். எந்தப் பெயரில் போய் உட்கார்வது? ஞானஸ்நானத்தில் வேறொருத்தி பிள்ளையைத் தாங்கி நின்றாள். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன்.

அந்த வீடு இப்போது லாட்ஜ். போன வருஷம் பிலோமி அக்கா இறந்ததற்குப் போயிருந்தேன். அந்தக் குழந்தை வளர்ந்து, தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "நீங்க யாரு அத்த?" என்று கேட்டது.

"ஒங்க வீட்டுல வாடகைக்கு இருந்தவ" என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் அதுவரை வராத அழுகை அதைச் சொன்னபோதுதான் வந்தது.