கோதுமைப் பணத்தில் வெட்டிய குளம்

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் குடும்பம் டெக்சாஸில் கோதுமை பயிரிட்டது. அரசாங்கத்தைக் கேட்டால் அப்படித்தான் சொல்லும். உண்மையில் அப்பாவும் பெரியப்பாவும் பிளானோவில் ஏசி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கோதுமை விளைந்த நிலம் நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போகிற தூரத்தில், ஏதோ ஒரு கவுண்டியில், நம்மூர் கணக்கில் மாவட்டத்தில், கிடந்தது.

அதை உழுதவர் ஒரு வெள்ளைக்காரர். அவருடைய அப்பா காலத்தில் அவர்களுக்கே சொந்தமாக இருந்து, கடனில் கைவிட்டுப்போய், பிறகு நாங்கள் வாங்கிய நிலம் அது. எனக்கு அவர் அங்கிள், பெரியப்பாவுக்குக் குத்தகைக்காரன். அறுவடைக்குப் போனால் என்னை அறுப்பு மெஷினில் தூக்கி உட்காரவைப்பார். அம்மா கொண்டுபோகும் புளிசாதத்தை மூக்கில் நீர் வழியச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்பார். விதையும் டீசலும் அவர் செலவு. விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு, மற்றது அவருக்கு. அரசாங்கம் ஏதாவது கொடுத்தாலும் அதே கணக்கு. எல்லாம் வாய்ப்பேச்சுதான். அவர் கைகுலுக்கினார், அவருக்கு அது போதும்.

பெரியப்பாவுக்குப் போதவில்லை. ஈரோட்டுப் பக்கம் எங்கள் தாத்தா குத்தகைக்கு விட்ட நிலம், கோர்ட் கேஸ் என்று இழுத்தடித்துக் கடைசியில் உழுதவருக்கே போனதாம். அந்தப் பயத்தை அவர் விசாவோடு சேர்த்து அமெரிக்காவுக்கும் கொண்டுவந்திருந்தார். கவுண்டி ஆபீஸில் பயிர் செய்பவர்கள் என்று எங்கள் பெயரைத்தான் பதிய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"உழுகறவன் பேரு ஏட்டுல ஏறுச்சுன்னா நெலம் போச்சுன்னு வெச்சுக்க."

"இது டெக்சாஸுங்ணா" என்றார் அப்பா.

"எந்த ஊரா இருந்தா என்னடா?"

பேப்பர் வேலையெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னதும், அந்த மனிதர் நன்றி வேறு சொன்னார்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. கோதுமை முழங்கால் உயரத்திலேயே கருகியது. கோதுமை விவசாயிகளுக்கு அரசாங்கம் வறட்சி மானியம் கொடுத்தது. பதிவில் இருந்த பெயருக்கு, அதாவது எங்களுக்கு, முழுசாக வந்தது. உழுதவர் பங்கைக் கொடுத்துவிடலாம் என்றார் அப்பா. கொடுத்தால் அவன்தான் உழுதான் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார் பெரியப்பா. அப்பா எப்போதுமே அண்ணன் பேச்சுக்கு மேல் பேசாதவர். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். உழாத எங்களுக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளமே மிஞ்சியது.

குளம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை அங்கிள் தன் பழைய டிரக்கில் பிளானோவுக்கு வந்தார். எங்களைப் பார்த்துப் பழகியதால் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் பணம் வந்துவிட்டதாம், விதைக் கடைக்காரர் இனிக் கடன் தரமாட்டேன் என்கிறாராம். இன்னும் ப்ராசஸிங்கில்தான் இருக்கிறது என்று பெரியப்பா கூசாமல் சொன்னார். அப்பா கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கொடுத்த காபியை அங்கிள் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

வாசல்வரை நான்தான் கூடப் போனேன். பின்னால் என்ன சத்தம் என்று கேட்டார். ஸ்விம்மிங் பூல் என்றேன். நம்முடைய கோதுமைக்கு கவர்மென்ட் கொடுத்த பணத்தில் கட்டுகிறோம், முடிந்ததும் நீங்களும் வந்து நீந்தலாம் என்று ஆசையாகக் கூப்பிட்டேன்.

என்னையே பார்த்தார். இந்த வெயிலுக்கு நல்லதுதான் என்றார். பிறகு படியில் உட்கார்ந்து பூட்ஸைப் போட்டார். கயிற்றைக் கட்ட விரல்கள் கேட்கவில்லை, நழுவி நழுவிப் போயின. அவ்வளவு பெரிய மெஷினை ஓட்டுகிறவருக்கு இது தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வருஷம்தான் நான் ஷூ கட்டக் கற்றிருந்தேன். குனிந்து இரண்டு கால்களுக்கும் நானே கட்டிவிட்டேன்.