ஓடுகிற கார்டு

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் கணினி பழுதுபார்க்கும் கடையில், மழை விடாத ஒரு வெள்ளிக்கிழமை மதியம், என் ஸ்கேனருக்காகக் காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் வயது, தூக்கம் போதாத கண்கள். பக்கத்துப் பள்ளுருத்தியில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர். அவருடைய லினக்ஸ் கணினியில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் இருந்தன. பழையதை அது காட்டியது, புதியதைக் காட்டவில்லை. மறுநாள் ஒரு வீடியோவை முழுதாகக் கொடுக்க வேண்டும். ஒற்றைக் கார்டை வைத்து அது முடியாது.

கணினி ஒவ்வொரு முறை எழும்பும்போதும் உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, திரையில் வரும் பட்டியலை விரல் வைத்து வாசித்தார். டிரைவர் மென்பொருளை மாற்றியும் பவர் கேபிளை மாற்றியும் ஒரே பெயர்தான் வந்தது.

"இக்கா, பழசைக் கழட்டிட்டு அந்த ஸ்லாட்டுல புதுசைப் போட்டுப் பார்க்கலாம். கேடு கார்டுலயா போர்டுலயான்னு தெரிஞ்சிரும்," என்றார் கடைக்காரர். அங்கே இக்கா என்றால் அண்ணன்.

"வேண்டா மோனே. அது ஓடுது."

"திரும்பப் போட்டா ஓடும் இக்கா."

"போன வாட்டியும் இதான் சொன்னே. திரும்பப் போட்டு ஓடல. ஒரு ஆழ்ச்ச, ஏழு நாள், வீட்ல சும்மா இருந்தேன்."

மணப்பெண்ணின் வாப்பாவுக்குப் போன் செய்தார். "நாளைக்கு நிக்காஹ் வீடியோ மட்டும் தரேன் இக்கா. விருந்து பின்னாடி." மறுமுனையில் எழுந்த சத்தம் எங்களுக்கும் கேட்டது. அது அடங்கும்வரை 'ம்' கொட்டினார்.

"கேடு எங்கேன்னு தெரிய வேண்டாமா?" என்றேன்.

"தெரிஞ்சு என்ன செய்ய சாரே? இன்னிக்கு ராத்திரி வேலைக்கு உட்கார ஒண்ணு மதி, அது போதும்."

புதிய கார்டைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு, கணினியோடு ஆட்டோவில் ஏறினார். பழுது கார்டிலா, போர்டிலா? அவர் விட்டுவிட்ட கேள்வியை நான்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.