கூட யார் வந்திருக்கா?

கண்டிக்கு வந்து மூன்று வருஷமாகிறது. நான் மதுரைக்காரி. ஒரு தேயிலை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு வேலை, வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டிய வதிவிட விசா, கல்யாணம் இல்லை. இதில் எதுவும் எனக்குக் குறையாகப் பட்டதில்லை, அந்தப் பெண்கள் நோய் கிளினிக்கில் போய் நிற்கும்வரை.

பேராதனை வீதியில் ஒரு பார்மசிக்கு மேல்மாடி அது. உட்கார நாலைந்து கதிரைகள், ஸ்கேன் அறை, டாக்டர் அறை, அவ்வளவுதான். மாதக்கணக்கான உதிரப்போக்கு என்னைப் பிழிந்து போட்டிருந்தது. ஆபீஸில் கறுப்புத் துணியை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தேன். ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் மிஸி, இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள், என்னிடம் வந்தார்.

"கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் இல்லை. நான்தான்."

"மிஸ்டர் வரல்லையா?"

"மிஸ்டரே இல்லை."

"அண்ணன், தம்பி?"

"எல்லாரும் இந்தியாவுல."

மிஸி என்னைப் பாவமாகப் பார்த்தார். ஆபரேஷன் விஷயமென்றால் டாக்டர் வீட்டு ஆட்களிடம்தான் பேசுவாராம், அது அங்கே வழக்கமாம். "யாராச்சும் ஒரு ஆம்பிள இருந்தா போதும்" என்றார், கொஞ்சம் கறிவேப்பிலை இருந்தால் போதும் என்கிற மாதிரி. பிறகு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். என்னை ஏற்றி வந்த ஆட்டோக்காரர் கீழே காத்திருந்தார்.

"அந்தா அவரு வருவாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கைதட்டிக் கூப்பிட்டுவிட்டார். கம்பளைப் பக்கத்து மனிதர், ஐம்பது வயதிருக்கும். அன்று காலையில்தான் முதல்முதலாக அவர் வண்டியில் ஏறியிருந்தேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறி ஓடி வந்தவரை அப்படியே டாக்டர் அறைக்குள் தள்ளினார்கள்.

டாக்டர் சிங்களவர், பதவிசாகப் பேசுகிறவர். ஆட்டோக்காரரைத் தனக்கு எதிரே உட்காரவைத்தார். எனக்கு ஓரத்துக் கதிரை. பேச்சு முழுக்க அவரிடம், சிங்களத்தில். வெளிநாட்டுக்காரிக்கு எங்கே விளங்கப்போகிறது என்று நினைத்திருப்பார். கண்டிச் சந்தையில் மூன்று வருஷமாக மீன் விலைக்கு மல்லுக்கட்டுகிறவள் நான். எல்லாம் விளங்கியது. கர்ப்பப்பையில் கட்டி பெரிதாக இருக்கிறது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, பிள்ளையும் இல்லை, இனிமேல் எங்கே? கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம். வீட்டில் பேசிவிட்டு அடுத்த வாரம் சொல்லுங்கள்.

ஆட்டோக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய காதெல்லாம் சிவந்துவிட்டது.

"டாக்டர், அவருக்கு என் பேர்கூடத் தெரியாது" என்றேன், சிங்களத்திலேயே. "கர்ப்பப்பை என்னுடையது. என்னிடம் சொல்லுங்கள். கட்டியை மட்டும் எடுக்க முடியாதா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "முடியும். ரத்தம் அதிகமாகப் போகலாம். கட்டி திரும்பவும் வரலாம். நீங்கள் தனியாக இருக்கிறீர்கள், அதனால்தான்..."

"தனியாக இருப்பவளுக்கு அது எதற்கு என்று நினைத்தீர்களா?"

பிள்ளை பெறுவேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஆனால் அதைத் தெரியாது என்று சொல்ல வேண்டியவள் நான்தானே?

ஆட்டோக்காரர் எழுந்தார். "நீங்க இங்க வந்து உக்காருங்க மிஸ். நான் கீழ இருக்கேன்."

அவர் போனதும் அந்தக் கதிரையில் போய் உட்கார்ந்தேன். "முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றேன். டாக்டர் சொன்னார். படம் வரைந்துகூடக் காட்டினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்றேன். திரும்பி வந்தால் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு மிஸி அதே கேள்வியைக் கேட்டார்.

"நான்தான் வந்திருக்கேன்" என்றேன்.

மயக்கம் தெளிந்தபோது வாயெல்லாம் வறண்டு கிடந்தது. வாசலில் பக்கத்துக் கட்டில் பெண்ணின் கணவர் நின்றுகொண்டிருந்தார். அதே டாக்டர் அவரைத் தாண்டி நேரே என் கட்டிலுக்கு வந்து, குனிந்து, "கட்டியை மட்டும்தான் எடுத்தேன்" என்றார். என்னிடம்.